கடைசிக் காவல்

'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்கும் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுப்பவர் என்பவை அந்நான்கு. முதல் மூன்றைப் பற்றியும் நாம் ஓயாமல் பேசுகிறோம். எந்த டாக்டர் கைராசிக்காரர், எந்த மருந்து உடனே கேட்கும் என்றெல்லாம் திருமண வீட்டிலும் கோயில் முற்றத்திலும் ஆராய்கிறோம். நான்காமவரைப் பற்றி மட்டும் நாம் அதிகம் நினைப்பதில்லை. இம்மாதம் அவருடைய பணியைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு மகளோ, மருமகளோ, சகோதரியோ செவிலியராக இருக்கிறார். அவருடைய வேலையை ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதுமாகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மருத்துவர் எழுதுகிற மருந்து நோயாளியின் உடலுக்குள் செல்லும் வரை அதற்குப் பல வாயில்கள் உண்டு. மருத்துவர் தவறாக எழுதினால் மருந்தாளர் கண்டுபிடிக்கலாம். மருந்தாளர் தவறாக எடுத்துக் கொடுத்தால் செவிலியர் கண்டுபிடிக்கலாம். செவிலியர் தவறினால் அதற்குப் பின் கண்டுபிடிக்க எவரும் இல்லை. அவரே கடைசிக் காவல். வீட்டில் நோயாளிக்கு மருந்து கொடுக்கும் தாயும் அவ்வாறே கடைசிக் காவல்தான்.

அறியாமல் கொடுப்பது மருந்தன்று

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. இதை அறிவியல் முறையில் எடுத்துக்காட்டியவர்களுள் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் ஒருவர். டிஜிடாலிஸ் என்னும் செடியின் இலை, நீர்கோத்து வீங்கிய நோயாளிகளுக்குக் குணம் தருவதைக் கண்ட அவர், தம் அனுபவத்தை 1785-இல் நூலாக வெளியிட்டார். அச்செடி நோயைத் தீர்க்கிறது என்று எழுதியதோடு அவர் நிற்கவில்லை. எந்த அளவில் அது கெடுதல் செய்யத் தொடங்குகிறது, எந்த அறிகுறியைக் கண்டதும் நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதினார். அவ்வகைச் செடியிலிருந்து கிடைக்கும் டிகாக்சின் என்னும் மருந்து இன்றும் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது. அதைக் கொடுக்குமுன் செவிலியர் ஒரு முழு நிமிடம் இதயத் துடிப்பை எண்ணுவார். பெரியவர்களுக்குத் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் மருந்தைக் கொடுக்காமல் மருத்துவருக்குத் தெரிவிப்பார்.

செவிலியர் பயிற்சியில் மருந்தியல் என்னும் பாடம் இடம்பெறுவது இதற்காகவே. இந்த மருந்து உடலில் என்ன செய்கிறது? எதற்காக இவருக்குக் கொடுக்கப்படுகிறது? கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும்? கொடுத்தபின் எதைக் கவனிக்க வேண்டும்? இந்நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பின்னரே அவர் மருந்தை எடுக்க வேண்டும். மார்பின் கொடுத்தால் நோயாளியின் மூச்சை எண்ண வேண்டும். அம்மருந்து வலியைத் தணிப்பதோடு மூச்சையும் தளர்த்தும். இன்சுலின் போட்டால் உணவு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். உணவின்றி இன்சுலின் மட்டும் சென்றால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பென்சிலின் போடுமுன் ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும்.

ஐந்து சரிகள்

உலகெங்கும் செவிலியர் மாணவியர் மனப்பாடம் செய்யும் பாடம் ஒன்று உண்டு. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்பதே அது. கேட்பதற்கு எளிது, ஒவ்வொன்றிலும் ஓர் உயிர் இருக்கிறது.

முதலாவது, சரியான நோயாளி. நம் ஊர் மருத்துவமனையில் ஒரே வார்டில் இரண்டு ஆரோக்கியசாமிகளோ, மூன்று மரியம்மாள்களோ படுத்திருப்பது புதிதன்று. "நீங்கள்தானே மரியம்மாள்?" என்று கேட்டால், காது மந்தமான பாட்டியும் அரைத் தூக்கத்தில் இருப்பவரும் "ஆமாம்" என்று தலையசைப்பார்கள். ஆகவே நல்ல செவிலியர் அவ்வாறு கேட்பதில்லை. "உங்கள் பெயர் என்னம்மா? சொல்லுங்கள்" என்று கேட்பார். பெயரோடு மருத்துவமனை எண்ணையும் ஒப்பிடுவார். கட்டில் எண்ணை நம்பமாட்டார். நேற்று அக்கட்டிலில் இருந்தவர் இன்று வேறு கட்டிலுக்கு மாறியிருக்கலாம். ஒரே செவிலியர் நாள்தோறும் பெயர் கேட்பதை அவமரியாதை என்று எண்ணி நம்மில் சிலர் சினம் கொள்வதுண்டு. அந்தக் கேள்வி நம் உயிருக்குப் போடப்படும் வேலி.

இரண்டாவது, சரியான மருந்து. பெயர்ச்சீட்டை மூன்று முறை படிக்க வேண்டும் என்பது பழைய விதி. அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, அளந்து ஊற்றும்போது ஒரு முறை, திரும்ப வைக்கும்போது ஒரு முறை. பெயர் ஒலியில் ஒத்த மருந்துகளும், குப்பியின் தோற்றத்தில் ஒத்த மருந்துகளும் பல உள்ளன. நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து மருந்து எடுப்பவர், எழுதப்பட்டதைப் படிக்காமல் தாம் எதிர்பார்த்ததையே படிக்கிறார்.

மூன்றாவது, சரியான அளவு. இங்கே ஒரு புள்ளி உயிர் குடிக்கும். 1.0 மில்லிகிராம் என்று எழுதினால், புள்ளி மங்கி 10 என்று படிக்கப்படலாம். .5 என்று எழுதினால் 5 ஆகிவிடலாம். ஆகவே முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் எழுதலாகாது. பின்னத்துக்கு முன் சுழி எழுதாமல் விடலாகாது. அதாவது 1 என்றும் 0.5 என்றும் எழுத வேண்டும். இன்சுலினில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள இன்சுலினும், 100 யூனிட் உள்ள இன்சுலினும் கிடைக்கின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடியுள்ள சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடியுள்ள சிரிஞ்சு. 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால், நோயாளிக்குச் செல்வது எழுதப்பட்ட அளவைப் போல் இரண்டரை மடங்கு. மூடியின் நிறம் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று.

நான்காவது, சரியான வழி. வாய்வழி செல்ல வேண்டியது இரத்தக் குழாயில் சென்றால் கேடு விளையும். இரத்தக் குழாயில் மெதுவாகச் செல்ல வேண்டியது விரைவாகச் சென்றாலும் கேடுதான். பொட்டாசியம் குளோரைடு கரைசல் பார்வைக்குத் தண்ணீர் போல் தெளிவாக இருக்கும். அதை நீர்க்கச் செய்து, சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். கலக்காமல் ஒரே மூச்சில் ஊசி வழியே செலுத்தினால் இதயம் நின்றுவிடும். புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் இரத்தக் குழாயில் மட்டுமே செலுத்தத் தக்கது. தவறுதலாக முதுகுத் தண்டு நீரில் செலுத்தப்பட்டால் பெரும்பாலும் மரணமே விளையும். இத்தகைய மரணங்கள் பல நாடுகளில் நேர்ந்த பிறகே, அம்மருந்தைச் சிரிஞ்சில் வைக்காமல் சிறு பையில் கலந்து ஏற்றும் முறை வற்புறுத்தப்பட்டது.

ஐந்தாவது, சரியான நேரம். மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை, மூட்டுவாதத்துக்கும் சில தோல் நோய்களுக்கும் வாரம் ஒரு முறை மட்டுமே கொடுக்கப்படுவது. அதை நாள்தோறும் உட்கொண்டு மடிந்தவர்கள் உண்டு. நம் வீடுகளில் மாத்திரை என்றாலே காலையும் மாலையும் என்ற பழக்கம் ஊறிக் கிடக்கிறது. ஆகவே இம்மாத்திரை எழுதப்பட்டால், எந்தக் கிழமை என்று கேட்டுத் தெரிந்து, அக்கிழமையைப் பெட்டியின்மேல் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

இந்த ஐந்தோடு, கொடுத்ததை உடனே குறித்து வைப்பதையும் இன்று சேர்த்துச் சொல்கிறார்கள். குறிக்கப்படாத மருந்தை அடுத்த முறைப் பணிக்கு வருபவர் மீண்டும் கொடுத்துவிடக்கூடும்.

நாஷ்வில் நகரில் நடந்தது

இவ்வளவு விதிகள் இருந்தும் தவறுகள் ஏன் நேர்கின்றன? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், பெரிய மருத்துவமனை ஒன்றில் 2017 டிசம்பரில் நடந்த நிகழ்ச்சி இதற்கு விடை கூறும்.

மூளையில் இரத்தக் கசிவுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த 75 வயது மூதாட்டி ஒருவர் தேறிவந்தார். ஸ்கேன் எடுப்பதற்காக அவரை அழைத்துச் சென்றபோது, குறுகிய இடத்தில் படுக்க அஞ்சினார். அச்சம் தணிய 'வெர்செட்' என்னும் மருந்தை மருத்துவர் எழுதினார். செவிலியர் ஒருவர், மருந்துகளைப் பூட்டி வைத்திருக்கும் கணினி அலமாரியில் அப்பெயரின் முதலிரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினார். அம்மருந்து அலமாரியில் 'மிடசோலாம்' என்னும் பொதுப் பெயரில் இருந்ததால் திரையில் வரவில்லை. கட்டுப்பாட்டைக் கடக்க உதவும் பொத்தானை அழுத்தி மீண்டும் தேடினார். அதே இரண்டு எழுத்துகளில் தொடங்கும் 'வெக்குரோனியம்' வந்தது. அதை எடுத்தார். அது உடலின் தசைகளையெல்லாம் செயலிழக்கச் செய்யும் மருந்து; மூச்சு விடும் தசையும் அதற்குத் தப்பாது. செயற்கை மூச்சு கொடுக்க ஆயத்தமாக இருக்கும் இடத்தில் மட்டுமே அதைச் செலுத்தலாம்.

குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. வெர்செட் திரவம், இதுவோ நீர் சேர்த்துக் கரைக்க வேண்டிய தூள். அந்த வேறுபாடும் அவரை நிறுத்தவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குப் பணி கற்பித்துக்கொண்டே அவர் அன்று வேலை செய்தார். மருந்தைச் செலுத்திய பின் அருகிலிருந்து கவனிக்கவும் இல்லை. அரை மணி நேரத்திற்குப் பின் மூதாட்டி மூச்சின்றிக் காணப்பட்டார், மறுநாள் இறந்தார்.

ஐந்து சரிகளில் ஒன்று மட்டும், மருந்து மட்டும், தவறிற்று. மற்ற நான்கும் சரியாக இருந்தும் பயன் இல்லை.

இதன் பின் நடந்தவற்றையும் நாம் அறிய வேண்டும். அச்செவிலியர் தம் தவற்றை மறைக்கவில்லை. தெரிந்தவுடன் தாமே ஒப்புக்கொண்டார். மருத்துவமனை அவரை வேலையிலிருந்து நீக்கியது. ஆனால் நடந்ததை அரசுக்கு உரிய முறையில் அறிவிக்கவில்லை. பெயர் கூறாத ஒருவர் தந்த தகவலின் பேரிலேயே 2018-இல் விசாரணை நடந்தது. 2021-இல் செவிலியரின் உரிமம் பறிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. மே மாதத்தில் சிறைக்கு அனுப்பாமல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அமெரிக்கச் செவிலியர் பலர் இத்தீர்ப்பால் கலங்கினர். "உண்மையைச் சொன்னவருக்குக் கிடைத்தது இதுவானால், நாளை எவர் சொல்வார்?" என்பது அவர்களுடைய கேள்வி.

நீதியும் உண்மையும்

இக்கேள்விக்கு எளிய விடை இல்லை. ஒரு புறம் ஒரு குடும்பம் தன் தாயை இழந்திருக்கிறது. எச்சரிக்கையைப் படிக்காமல் மருந்து செலுத்தியது சிறு பிழையன்று. அதைப் பிழையே அல்ல என்று சொல்பவர் இறந்தவருக்கு அநீதி செய்கிறார். மறுபுறம், பொதுப் பெயரைக் காட்டாத அலமாரியும், கட்டுப்பாட்டைக் கடப்பதை வழக்கமாக்கிய பணிமுறையும், நேர்ந்ததை மூடிய நிர்வாகமும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. ஒருவரை மட்டும் தண்டித்தால், அதே அலமாரி அடுத்தவருக்காகக் காத்திருக்கும்.

மருத்துவத் தவறுகளால் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கக்கூடும் என்று அந்நாட்டு மருத்துவ நிறுவனத்தின் அறிக்கை 1999-இல் மதிப்பிட்டது. பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் கெட்ட மனிதர்கள் அல்லர், கெட்ட அமைப்புகளே என்பது அவ்வறிக்கையின் முடிவு. 2017-இல் உலக சுகாதார நிறுவனம், மருந்தால் நேரும் தவிர்க்கத்தக்க கேடுகளைக் குறைக்கும் உலக இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. 2024-இல் அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலம், கடும் அலட்சியமோ கெட்ட நோக்கமோ இல்லாத மருத்துவப் பிழைகளைக் குற்ற வழக்காக்குவதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது.

நம்மைப் பொறுத்தவரை ஒன்றைத் துணிந்து கூறலாம். தவற்றை ஒளிப்பவரையும் உடனே சொல்பவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதியன்று. உடனே சொல்லப்பட்ட தவற்றுக்குப் பல வேளைகளில் மாற்று மருந்து உண்டு. ஒளிக்கப்பட்ட தவற்றுக்கு இல்லை. மகளைச் செவிலியராக்கும் பெற்றோர் அவளுக்கு இதையும் கற்பிக்கட்டும்: "தவறு நேர்ந்தால் அந்த நிமிடமே சொல். வேலை போனாலும் நாங்கள் இருக்கிறோம்." இந்த உறுதியைக் கொடுக்கும் வீடு, முகம் தெரியாத ஒரு நோயாளியின் உயிரைக் காக்கிறது.

வீட்டில் நாம் செய்யத்தக்கவை

மருத்துவமனையின் விதிகள் வீட்டுக்கும் பொருந்தும். பாராசிட்டமால் என்னும் எளிய மருந்தையே எடுத்துக்கொள்வோம். குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ எடைக்கு, ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு மருத்துவர் 180 மில்லிகிராம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 7.2 மில்லிலிட்டர் தேவை. அதே 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 3.6 மில்லிலிட்டரே போதும். புட்டி மாறியதைப் பாராமல் பழைய அளவையே ஊற்றும் தாய், குழந்தைக்கு இரு மடங்கு மருந்து கொடுக்கிறாள். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இவற்றைவிடச் செறிவானது. அதைச் சிரப்பைப் போல் கரண்டியில் ஊற்றுதல் மேலும் ஆபத்து. சமையல் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. புட்டியுடன் வரும் அளவு மூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோதான் பயன்படுத்த வேண்டும்.

பெரியவர்கள் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல், பாராசிட்டமால் உட்கொள்ளலாகாது. மெலிந்தவர்களும் மது அருந்துவோரும் கல்லீரல் நோயாளிகளும் அதனினும் குறைந்த அளவோடு நிற்க வேண்டும். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, உடல்வலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று வாங்கி விழுங்கும்போது, மூன்றிலும் பாராசிட்டமாலே இருக்கக்கூடும். அளவு மீறினால் கல்லீரல் கெடும். முதல் நாளில் அதன் அறிகுறி பெரிதாகத் தெரியாது. அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விரைவில் கொடுத்தால் நன்கு பயன்படும் மாற்று மருந்து இருக்கிறது.

மேலும் சில பழக்கங்களை நம் குடும்பங்களில் வளர்த்துக்கொள்ளலாம்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது, வீட்டில் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வோம். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் மறைக்க வேண்டா. ஒவ்வாத மருந்தின் பெயரை மருந்துச் சீட்டின்மேல் எழுதி வைப்போம்.

மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கும்போது, பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி கடைசி வரை நிற்கும்படி கத்தரிப்போம். ஒரு மருந்தை வேறு மருந்தின் புட்டியில் ஊற்றி வைக்கலாகாது.

மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால், நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் செல்ல வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடலில் கலந்துவிடும். விழுங்க இயலாத முதியவருக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டறிவோம்.

பக்கத்து வீட்டாருக்குக் குணம் தந்த மருந்தை நாம் இரவல் வாங்கலாகாது. நம்முடையதை இரவல் கொடுக்கவும் கூடாது. செவிலியரான உறவினரிடம், "நீதான் படித்திருக்கிறாயே, ஓர் ஊசி போட்டுவிடு" என்று சீட்டின்றி வற்புறுத்துவது அவரை இக்கட்டில் மாட்டுவதாகும். அவர் மறுத்தால் அதைத் தலைக்கனம் என்று எண்ண வேண்டா.

வார்டில் செவிலியர் மருந்து அளந்துகொண்டிருக்கும் நேரத்தில், "சிஸ்டர், டாக்டர் எப்போது வருவார்?" என்று குறுக்கிடாமல் இருப்போம். அந்த அரை நிமிடக் கவனச் சிதறல் வேறொருவருடைய தாய்க்கு ஆபத்தாகலாம். ஆனால் நமக்குரிய மருந்தை அவர் கையில் எடுத்துக்கொண்டு வரும்போது, "இது என்ன மருந்து சிஸ்டர்? எதற்காக?" என்று பணிவோடு கேட்பது நம் உரிமை. நேற்று வெள்ளையாக இருந்த மாத்திரை இன்று மஞ்சளாக இருந்தால், விழுங்குமுன் கேட்போம். நல்ல செவிலியர் இதற்குச் சினம் கொள்ளமாட்டார். சீட்டை மீண்டும் ஒருமுறை பார்த்து வருவார்.

அந்த ஒருமுறை பார்த்தலில்தான் அவருடைய கல்வியும் நேர்மையும் வெளிப்படுகின்றன. இன்றிரவும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு மகள் மங்கிய விளக்கொளியில் ஒரு சிறு குப்பியைக் கண்ணருகே பிடித்து, அதன் பெயரைப் படித்துக்கொண்டிருப்பாள். அவள் அவசரமின்றிப் படிக்கும்படி விட்டுவைப்பது நோயாளிகளும் உறவினருமான நம் கடமை. நம் வீட்டு மருந்தையும் அவ்வாறே படித்துக் கொடுப்போமாக.